மாடர்ன் ஃபிசிக்ஸ்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் என்னால முடிஞ்ச பதில்களும்

டெலஸ்கோப்பை தூக்கிட்டு எந்த ஸ்கூலுக்குப் போனாலும், எந்த மொட்டை மாடிக்குப் போனாலும், சனியோட வளையத்தைப் பாத்து முடிச்சதும் பேச்சு இங்க தான் வந்து நிக்குது: டைம் எப்படி ஸ்லோ ஆகும், பிளாக் ஹோலுக்குள்ள என்ன இருக்கு, எலக்ட்ரான் எப்படி ரெண்டு வழியா போகும். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் புரொஃபசர் இல்ல, ஆர்வத்துல பல வருஷமா படிச்சிட்டு இருக்கிற ஆளு. முடிஞ்ச வரைக்கும் ஒவ்வொரு பதில்லயும் "இதை எப்படி அளந்தாங்க"ன்னு சொல்லிருக்கேன், ஏன்னா இந்த ஐடியா எல்லாம் யாரோ உக்காந்து கற்பனை பண்ணினதுன்னு நினைக்கிறவங்க ரொம்ப பேர். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னதை வச்சு தான் போகும்.

ஒளியை விட வேகமா ஏன் சார் போக முடியாது? இன்னும் பெரிய இன்ஜின் போட்டா போயிடலாம்ல?

இன்ஜின்ல பிரச்சினை இல்ல. ஜெனீவா பக்கத்துல செர்ன்ங்கிற துகள் ஆராய்ச்சி மையத்துல பூமிக்கு அடியில 27 கிலோமீட்டர் சுத்தளவுக்கு ஒரு வளையம் இருக்கு, லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்னு பேரு. அதுக்குள்ள நுழையும்போதே ஒரு புரோட்டானுக்கு 450 கிகா எலக்ட்ரான்வோல்ட் எனர்ஜி இருக்கும், அப்பவே அதோட வேகம் ஒளியை விட செகண்டுக்கு சுமார் 650 மீட்டர் தான் கம்மி (ஒளி செகண்டுக்கு 2,99,792 கிலோமீட்டர் போகும்). அதுக்கப்புறம் அதோட எனர்ஜியை 6,800 வரைக்கும் ஏத்துறாங்க, அதாவது 15 மடங்கு. நியூட்டன் கணக்குப்படி பாத்தா வேகம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகணும். ஆனா நடக்குறது என்னன்னா 650 மீட்டர் கம்மியா இருந்தது 3 மீட்டர் கம்மியா ஆகுது, அவ்ளோ தான்.

எனர்ஜி எல்லாம் எங்கயும் வீணாப் போகல, புரோட்டான் மோதும்போது அவ்வளவும் வெளிய வருது, அளக்கவும் செய்றாங்க. வேகம் மட்டும் ஏற மாட்டேங்குது. இன்னும் பெரிய மெஷின் கட்டினா அந்த 3 மீட்டர் 1 மீட்டர் ஆகும், அப்புறம் சென்டிமீட்டர் ஆகும், ஜீரோ ஆகாது.

ஓடுற பஸ்ல இருந்து பந்தை முன்னாடி வீசினா பஸ் வேகமும் சேருது. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மட்டும் ஏன் சேராது?

நல்ல கேள்வி, நியாயமா சேரணும்னு தான் எல்லாருக்கும் தோணும். 1964ல செர்ன்ல இதை நேரடியாவே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க. பையான்னு ஒரு துகள், ஒளியோட வேகத்துல 99.975% வேகத்துல பறந்துட்டு இருக்கும்போதே உடைஞ்சு ஒளியை (காமா கதிர்) வெளிய விடும். பஸ் கணக்குப்படி முன்பக்கம் போற ஒளி ரெண்டு மடங்கு வேகத்துல வரணும். வந்தது சாதாரண ஒளி வேகத்துல தான்.

உண்மையில பந்துக்கும் பஸ்ஸுக்கும் கூட நாம நேரா கூட்டுறது தப்பு தான், ஆனா அந்த வேகத்துல வித்தியாசம் அவ்வளவு சின்னதா இருக்கும், அளக்கவே முடியாது. ஐன்ஸ்டீன் 1905ல சொன்னது இதை தான், யார் எவ்வளவு வேகத்துல போயிட்டு அளந்தாலும் ஒளி வேகம் ஒண்ணு தான்னு ஏத்துக்கிட்டா, டைமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறியே ஆகணும். அடுத்த கேள்வி அதனால தான் வருது.

வேகமா போனா டைம் ஸ்லோ ஆகும்னு சொல்றாங்களே, கடிகாரம் ஸ்லோ ஆகுதுன்னு சொல்லலாம், டைம் எப்படி ஸ்லோ ஆகும்?

முள்ளு, பேட்டரி, சக்கரம் எதுவுமே இல்லாத ஒரு கடிகாரத்தை எடுத்துக்குவோம். மியூவான். விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துல உருவாகுற துகள் இது, எலக்ட்ரானோட சொந்தக்காரன், ஆனா 207 மடங்கு எடை. சும்மா வச்சிருந்தா சராசரியா 2.2 மைக்ரோ செகண்ட் தான் இருக்கும், அப்புறம் தானா உடைஞ்சிடும். அந்த நேரத்துல ஒளி வேகத்துல ஓடினாலும் 660 மீட்டர் தான் தாண்ட முடியும். அப்படிப் பாத்தா 15 கிலோமீட்டர் கீழ வந்து சேர்றது ஆயிரம் கோடி மியூவான்ல ஒண்ணோ ரெண்டோ தான். ஆனா இப்ப நீங்க உள்ளங்கையை விரிச்சு வச்சா செகண்டுக்கு ஒண்ணுக்கு மேல அதைத் துளைச்சிட்டுப் போயிட்டு இருக்கு.

ஒளியோட வேகத்துல 99.5%ல போற மியூவானுக்கு டைம் பத்து மடங்கு ஸ்லோவா ஓடும்னு ஐன்ஸ்டீன் கணக்கு சொல்லுது. அந்தக் கணக்கைப் போட்டா பத்துல ஒண்ணு தரைக்கு வந்து சேரணும், அதுக்கு ஒத்து வர்ற அளவுல தான் கீழ கிடைக்குது. ஊட்டில டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட கிரேப்ஸ்-3னு ஒரு ஆய்வகம் இருக்கு, 6 மீட்டர் நீள இரும்புக் குழாய் 3,712ஐ அடுக்கடுக்கா போட்டு, அதுக்கு மேல ரெண்டு மீட்டர் உயரத்துக்கு கான்கிரீட் கட்டைகளை அடுக்கி வச்சிருக்காங்க. மத்த துகள் எல்லாம் கான்கிரீட்ல நின்னுடும், மியூவான் மட்டும் உள்ள வரும். ராத்திரி பகல்னு இல்லாம எண்ணிக்கிட்டே இருக்காங்க. டைம் எல்லாருக்கும் ஒண்ணா ஓடுச்சுன்னா அந்தக் குழாய்க்குள்ள எண்றதுக்கு அநேகமா ஒண்ணுமே வந்திருக்காது.

அப்போ மியூவானோட இடத்துல இருந்து பாத்தா நாம தானே வேகமா போறோம், நமக்கு தானே ஸ்லோ ஆகணும்?

கரெக்ட், ரெண்டு பேருக்கும் மத்தவரோட கடிகாரம் தான் ஸ்லோவா தெரியும். மியூவானுக்கு அதோட ஆயுசு 2.2 மைக்ரோ செகண்ட் தான், ஆனா அதுக்கு முன்னாடி இருக்கிற காத்து மண்டலம் 15 கிலோமீட்டர் இல்ல, சுருங்கி 1.5 கிலோமீட்டர். நாம "டைம் நீண்டுச்சு"ன்னு சொல்றோம், மியூவான் பக்கம் "தூரம் சுருங்குச்சு"ன்னு ஆகுது. தரைக்கு எத்தனை வந்துச்சுங்கிற எண்ணிக்கைல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல.

இதுல தான் அண்ணன் தம்பி கதை வரும். 4 ஒளியாண்டு தள்ளி ஒரு நட்சத்திரம் இருக்குன்னு வைங்க, ஒளியோட வேகத்துல 80%ல அண்ணன் போயிட்டு உடனே திரும்பி வர்றாரு. தம்பிக்கு 10 வருஷம் ஆகிருக்கும், அண்ணனுக்கு 6 வருஷம் தான். ரெண்டு பேரும் சமம் தானே, ஏன் அண்ணன் மட்டும் இளமைன்னா, சமம் இல்ல. அண்ணன் நடுவுல நின்னு திரும்பினாரு, தம்பி அப்படி எதுவும் பண்ணல, அந்தத் திருப்பத்தை அண்ணன் உடம்புலயே உணர்ந்திருப்பாரு. 1971ல ஹாஃபிலேவும் கீட்டிங்கும் அணு கடிகாரங்களை சாதாரண பயணிகள் விமானத்துல சீட்ல வச்சு உலகத்தை சுத்தி வந்தாங்க, கிழக்கே போனது 59 நானோ செகண்ட் பின்னாடி இருந்துச்சு, மேற்கே போனது 273 நானோ செகண்ட் முன்னாடி. வேகத்தோட உயரமும் சேந்த விளைவு அது, ரெண்டையும் சேத்துப் போட்ட கணக்கோட ஒத்துப் போச்சு.

உயரத்துக்கும் டைமுக்கும் என்ன சம்பந்தம்?

ஈர்ப்பு விசை கூட இருக்கிற இடத்துல, அதாவது கீழ போகப் போக, டைம் ஸ்லோவா ஓடும். இது ஐன்ஸ்டீன் 1915ல முடிச்ச பொது சார்பியல்ங்கிற ஈர்ப்புக் கோட்பாடு. ஜிபிஎஸ் சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. உயரத்தால ஒரு நாளைக்கு 45 மைக்ரோ செகண்ட் வேகமா ஓடும், அதோட ஓட்டத்தால 7 மைக்ரோ செகண்ட் ஸ்லோ ஆகும், மொத்தத்துல 38 மைக்ரோ செகண்ட் முன்னாடி போகும். ஒளி அந்த 38 மைக்ரோ செகண்ட்ல 11 கிலோமீட்டர் போயிடும், ஒளி வந்து சேர்ற நேரத்தை வச்சு தான் ஜிபிஎஸ் தூரத்தையே கண்டுபிடிக்குது, அதனால இதை விட்டுட்டு வேலையே நடக்காது. கடிகாரத்தை மேல அனுப்புறதுக்கு முன்னாடியே, 10.23 மெகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியதை 10.22999999543ல செட் பண்ணி அனுப்புறாங்க.

நம்ம ஊர் கணக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன். ஊட்டில 80 வருஷம் வாழ்ந்தவருக்கு, சென்னை கடற்கரை ஓரமா 80 வருஷம் வாழ்ந்தவரை விட 0.6 மில்லி செகண்ட் கூட வயசாகிருக்கும். இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல, 2010ல அமெரிக்காவுல ஒரு கடிகாரத்தை இன்னொண்ணை விட 33 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி வச்சே வித்தியாசத்தைக் காட்டிட்டாங்க.

அப்போ டைம் மெஷின் சாத்தியமா?

எதிர்காலத்துக்குப் போறது சாத்தியம், மேல சொன்ன அண்ணன் பண்ணினது அதை தான். கடந்த காலத்துக்குப் போறதுக்கு ஐன்ஸ்டீன் சமன்பாட்டுல சில விசித்திரமான விடைகள் இருக்கு, ஆனா அதுக்கு வேணும்னு சொல்ற நெகட்டிவ் எனர்ஜி மாதிரி சமாச்சாரத்தை யாரும் தேவையான அளவுல பாத்ததில்ல. எனக்கு நம்பிக்கை இல்ல.

ஈ = எம்சி ஸ்கொயர்னா பொருளை எனர்ஜியா மாத்தலாம்னு தானே அர்த்தம்? அணுகுண்டுக்கு மட்டும் தானா?

அணுகுண்டோட சேத்தே சொல்லிச் சொல்லி இது பாதி தான் போய்ச் சேந்திருக்கு. எனர்ஜி எங்க அடைஞ்சு கிடந்தாலும் அதுக்கு எடை உண்டுங்கிறது தான் விஷயம். சூரியன் ஒவ்வொரு செகண்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல எடை குறைஞ்சிட்டு இருக்கு, அது தான் நமக்கு வெயிலா வருது. 1 கிராம் பொருள் முழுசா எனர்ஜி ஆச்சுன்னா 2.5 கோடி யூனிட் கரண்ட்.

ஆனா என்னைப் பொறுத்தவரை இதுல பெரிய ஆச்சரியம் நம்ம உடம்பு தான். புரோட்டானுக்குள்ள மூணு குவார்க் இருக்கு, அந்த மூணோட சொந்த எடையைக் கூட்டினா புரோட்டான் எடைல 1% தான் வருது. மீதி 99%, குவார்க்கோட ஓட்டமும் அதைக் கட்டி வச்சிருக்கிற குளுவான் புலத்தோட எனர்ஜியும். 60 கிலோ ஆளுன்னா அதுல 59 கிலோவுக்கு மேல இந்த மாதிரி அடைஞ்சு கிடக்கிற எனர்ஜி. 2012ல கண்டுபிடிச்ச ஹிக்ஸ்ங்கிற துகள் தான் எல்லாத்துக்கும் எடை குடுக்குதுன்னு பேப்பர்ல வந்துச்சு, அது குவார்க், எலக்ட்ரான் மாதிரி அடிப்படைத் துகள்களோட எடைக்கு சரி, நம்ம உடம்புல அந்தக் கணக்கு அரை கிலோ சுமார் தான் வரும்.

பிளாக் ஹோல் எல்லாத்தையும் உறிஞ்சிடுமா? சூரியன் பிளாக் ஹோல் ஆனா பூமி உள்ள போயிடுமா?

உறிஞ்சாது. சூரியனை எடுத்துட்டு அதே எடைல ஒரு பிளாக் ஹோலை வச்சா (அதோட ஆரம் 3 கிலோமீட்டர் தான் இருக்கும்), பூமி இப்ப சுத்துற மாதிரியே சுத்திட்டு இருக்கும், இருட்டும் குளிரும் தான் பிரச்சினை. ரொம்பக் கிட்ட போனா தான் திரும்பி வர முடியாது. இன்னொண்ணு, சூரியன் பிளாக் ஹோல் ஆகவே ஆகாது, எடை பத்தாது, கடைசில வெள்ளைக் குள்ளனா (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட சின்ன, அடர்த்தியான மிச்சம்) தான் ஆகும்.

அந்த எல்லையைக் கண்டுபிடிச்சவர் நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர். 1930ல 19 வயசுல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ளன் சூரியனை விட சுமார் 1.4 மடங்குக்கு மேல எடை இருந்தா தாங்காது, சுருங்கிக்கிட்டே போகும்னு. 1935ல லண்டன்ல எல்லார் முன்னாடியும் இங்கிலாந்தோட பெரிய வானியலாளர் எடிங்டன் அதை முட்டாள்தனம்கிற மாதிரி தள்ளிட்டாரு, அந்தக் காலத்துல அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நோபல் வர 1983 ஆச்சு. இதை ஒவ்வொரு ஸ்கூல்லயும் நான் சொல்லாம வர்றதில்ல.

பிளாக் ஹோலை யாரும் நேர்ல பாக்கலையே, இருக்குன்னு எப்படி நம்புறது?

2015 செப்டம்பர் 14ல அமெரிக்காவுல ஈர்ப்பு அலையை (இடமே லேசா நீண்டு சுருங்குற அதிர்வு) பிடிக்கிற லைகோ ஆய்வகத்தோட ரெண்டு கருவிகள்ல, 3,000 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கிற ரெண்டுலயும் ஒரே அதிர்வு பதிவாச்சு. சூரியனை விட 36 மடங்கு, 29 மடங்கு எடை உள்ள ரெண்டு பிளாக் ஹோல் ஒண்ணை ஒண்ணு சுத்தி மோதினா என்ன மாதிரி அதிர்வு வரும்னு போட்டு வச்ச கணக்கோட அது அப்படியே பொருந்துச்சு. மோதினதுக்கு அப்புறம் 62 தான் மிச்சம், 3 சூரியனோட எடை மேல சொன்ன ஈ = எம்சி ஸ்கொயர்படி ஈர்ப்பு அலையா போயிடுச்சு. 2019ல எம்87 கேலக்சியோட நடுவுல இருக்கிற, சூரியனை விட 650 கோடி மடங்கு எடையுள்ள பிளாக் ஹோலோட நிழலைப் படமாவே வெளியிட்டுட்டாங்க. உள்ள என்ன இருக்குங்கிறது வேற விஷயம், அதுக்கு இன்னும் பதில் இல்ல.

ஒரு எலக்ட்ரான் ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டை வழியா போகும்னு சொல்றது உண்மையா?

என்ன பாத்தாங்கன்னு முதல்ல சொல்றேன். 1989ல ஜப்பான்ல ஹிட்டாச்சில டோனோமுரா குழு இதை ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ள பண்ணினாங்க. ஓட்டைக்குப் பதிலா ஒரு மெல்லிய கம்பி, அதோட ரெண்டு பக்கமும் ரெண்டு வழி. எலக்ட்ரானை ஒண்ணு ஒண்ணா விட்டாங்க, ஒண்ணு திரைல போய் விழுற வரைக்கும் அடுத்தது கருவிக்குள்ள இருக்காது. திரைல ஒவ்வொண்ணும் ஒரே ஒரு புள்ளியா விழுது, பாதிப் புள்ளி, பரவின புள்ளி எல்லாம் கிடையாது. முதல் சில நூறு புள்ளி கண்டபடி சிதறின மாதிரி தான் தெரியும். ஆயிரக்கணக்குல சேரச் சேர கோடு கோடா தெரிய ஆரம்பிக்கும், நிறைய விழுற பட்டை, ஒண்ணுமே விழாத பட்டை, மாத்தி மாத்தி. ரெண்டு அலை சேந்தா வர்ற வடிவம் அது.

ஒரு வழியை மூடினா அந்தக் கோடு போயிடும். அதாவது ரெண்டாவது வழி திறந்திருக்கிறதால, முன்னாடி விழுந்துட்டு இருந்த இடத்துல கூட எலக்ட்ரான் விழாம போகுது. "ரெண்டு வழியாவும் போச்சு"ங்கிறது இதைப் பேச்சு மொழில சொல்ற ஒரு முயற்சி. கணக்கு சொல்றது, ரெண்டு வழிக்கும் ஒவ்வொரு எண் இருக்கு, அதைக் கூட்டி ஸ்கொயர் பண்ணினா எங்க விழ எவ்வளவு வாய்ப்புன்னு வரும். அந்த எண் மைனஸாவும் இருக்கலாம், அதனால தான் ரெண்டு வழி சேந்து ஜீரோ ஆக முடியுது.

நாம பாத்தா மட்டும் அது மாறிடுதாமே, பாக்குறோம்னு எலக்ட்ரானுக்கு எப்படி தெரியும்? அப்போ மனசு தான் உலகத்தை உருவாக்குதா?

மனுஷன் பாக்க வேண்டியதே இல்ல. இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை 2004ல வியன்னால பண்ணினது. 70 கார்பன் அணு சேந்த ஒரு மூலக்கூறை எடுத்து, மேல சொன்ன மாதிரியே கோடு வர வச்சாங்க. அப்புறம் அந்த மூலக்கூறை லேசர்ல சூடாக்கி அனுப்பினாங்க. சூடான பொருள் ஒளியை வெளிய விடும்ல, அந்த ஒளி "நான் இந்த இடத்துல இருந்து கிளம்பினேன்"ங்கிற தகவலைத் தூக்கிட்டுப் போகுது. சூடு ஏற ஏற கோடு மங்கி மங்கி காணாமப் போச்சு. அந்த ஒளியை யாரும் பிடிக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல.

ஆக, எந்த வழியா போச்சுங்கிற தடயம் சுத்தி இருக்கிற ஏதாவது ஒண்ணுல பதிஞ்சாலே போதும், கோடு போயிடும். காத்து மூலக்கூறு ஒண்ணு மோதினாலும் போதும். மனசு, தியானம், நம்பிக்கை எதுவும் இந்தக் கணக்குல வரல.

ஷ்ரோடிங்கர் பூனை செத்துட்டு உயிரோடவும் இருக்குமா?

பெட்டிக்குள்ள ஒரு பூனை, ஒரு அணு உடைஞ்சா விஷம் வெளிய வந்து அது சாகும்; அணு உடைஞ்சும் உடையாமலும் இருந்தா பூனையும் அப்படியான்னு ஒரு கற்பனை. 1935ல ஷ்ரோடிங்கர் அதைச் சொன்னதே, இப்படி எல்லாம் ஆகுமான்னு கேக்குறதுக்காக தான். முந்தின பதில்ல சொன்ன தடயம் தான் இங்கயும். பூனை மேல காத்து மோதுது, பூனை உடம்பு சூட்டுல ஒளி விடுது, அதனால ரெண்டு நிலையும் சேந்து கோடு போடுற மாதிரி நிலைல அது ஒரு நொடி கூட நிக்காது. ஆனா ரெண்டுல ஒண்ணு மட்டும் ஏன் நடக்குதுங்கிறதுல இயற்பியல்காரங்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து இல்ல, அதை மறைக்க வேண்டாம்.

அன்சர்ட்டெனிட்டின்னா நம்ம கருவி சரியில்லைன்னு தானே அர்த்தம்? நல்ல கருவி வந்தா சரியாயிடும்ல?

ஆகாது. 1927ல ஹைசன்பர்க் சொன்னது, எலக்ட்ரானோட இடத்தை எவ்வளவு குறுக்குறோமோ அவ்வளவுக்கு அதோட உந்தம் (எடையையும் வேகத்தையும் பெருக்கினது) பரவும்னு. யாரும் அளக்காதப்ப கூட இது வேலை செய்யுது. எலக்ட்ரான் அணுக்கரு மேல ஏன் விழலைன்னா, அவ்வளவு சின்ன இடத்துல அடைச்சா அதோட ஓட்டம் எகிறிடும், அதனால ஒரு அளவுக்கு மேல நெருங்காது. நாம உக்காந்திருக்கிற நாற்காலி நசுங்காம இருக்கிறதுல இதுக்கும் பங்கு இருக்கு.

கண்ணால பாக்கணும்னா ஹீலியம். மத்த எல்லாத்தையும் குளிர வச்சா உறையும், ஹீலியத்தை மட்டும் சாதாரண அழுத்தத்துல எவ்வளவு குளிர வச்சாலும் திரவமாவே இருக்கும், உறைய வைக்கணும்னா 25 மடங்கு காத்தழுத்தம் குடுக்கணும். அணுவை ஒரு இடத்துல நிக்க வச்சா ஆட்டம் வருது, அந்த ஆட்டம் அடங்க மாட்டேங்குது.

என்டாங்கிள்மென்ட்ல என்ன அதிசயம் அண்ணா? ஒரு ஜோடி செருப்பைப் பிரிச்சு ஒண்ணை மதுரைக்கும் ஒண்ணை டெல்லிக்கும் அனுப்பினா, மதுரைல இடது கால்னு பாத்தவுடனே டெல்லில வலது கால்னு தெரிஞ்சிடுமே?

இந்த செருப்பு கேள்வி தான் முழு லிஸ்ட்லயும் சிறந்த கேள்வி. என்டாங்கிள்மென்ட்னா, ரெண்டு துகள் எவ்வளவு தள்ளிப் போனாலும் அதை அளந்தா வர்ற பதில்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி வர்றது. ஐன்ஸ்டீனும் கிட்டத்தட்ட இதை தான் நினைச்சாரு, பதில் முன்னாடியே உள்ள இருக்கு, நமக்கு தான் தெரியலன்னு. செருப்பு மாதிரி தானா இல்லையான்னு சோதிச்சுப் பாக்க ஒரு வழியை 1964ல ஜான் பெல் கண்டுபிடிச்சாரு.

ஒரு விளையாட்டா சொல்றேன். ரெண்டு பேரை தூரமா தனித்தனி ரூம்ல உக்கார வைங்க. ஒவ்வொருத்தருக்கும் ஏ, பி ரெண்டுல ஒரு கேள்வி சீட்டு குலுக்கி வரும், "ஆம்" அல்லது "இல்லை"ன்னு பதில் சொல்லணும். ரெண்டு பேருக்கும் பி வந்தா மட்டும் பதில் வேற வேறயா இருக்கணும், மத்த எல்லாத்துக்கும் பதில் ஒண்ணா இருக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணாலும் பேசி வச்சுக்கலாம், உள்ள போனப்புறம் பேசக் கூடாது. நீங்களே போட்டுப் பாருங்க, எவ்வளவு திட்டம் போட்டாலும் சராசரியா 75% மேல ஜெயிக்க முடியாது. செருப்புங்கிறது முன்னாடியே பேசி வச்சது, அதனால அதுக்கும் 75 தான் எல்லை. என்டாங்கிள் ஆன துகளைக் கையில வச்சுக்கிட்டு விளையாடினா 85% வரைக்கும் போகலாம்னு குவாண்டம் கணக்கு (எலக்ட்ரான் மாதிரி நுண்துகள்களுக்கான அந்தக் கணக்கு) சொல்லுது.

1982ல பாரிஸ் பக்கத்துல ஆலன் ஆஸ்பே குழு பண்ணின சோதனைல செருப்புக்கான எல்லை தாண்டினது தெளிவாவே தெரிஞ்சுது. 2015ல நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் தள்ளி வச்சு, இங்க இருந்து அங்க ஒளி போற 4 மைக்ரோ செகண்டுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு, சந்தேகத்துக்கு இருந்த ஓட்டைகளையும் அடைச்சாங்க. 2022 நோபல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூணு பேருக்கும். செருப்பு விளக்கம் அதோட முடிஞ்சுது.

அப்போ அதை வச்சு ஒளியை விட வேகமா மெசேஜ் அனுப்பலாமே?

முடியாது. மேல சொன்ன விளையாட்டுல மதுரைல இருக்கிறவருக்கு வர்ற பதில் எப்பவும் பாதிக்குப் பாதி ஆம், பாதிக்குப் பாதி இல்லை. டெல்லில என்ன பண்ணினாலும் அந்தப் பாதி மாறாது. ரெண்டு பேரோட லிஸ்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தான் பொருத்தம் தெரியும், அந்த லிஸ்டை போன்லயோ மெயில்லயோ தான் அனுப்பணும், அது ஒளி வேகத்தைத் தாண்டாது.

பெருவெடிப்பு எந்த இடத்துல நடந்துச்சு? இப்ப பிரபஞ்சம் எதுக்குள்ள விரிஞ்சிட்டு இருக்கு?

எல்லா இடத்துலயும். வெடிகுண்டு மாதிரி ஒரு நடு இடம், சுத்தி காலி இடம்னு நினைக்காதீங்க. நீங்க உக்காந்திருக்கிற இடமும் அப்ப அந்தச் சூட்டுல இருந்துச்சு. 1965ல பென்சியாஸும் வில்சனும் கண்டுபிடிச்ச மைக்ரோவேவ் ஒளி, பிரபஞ்சத்துக்கு 3.8 லட்சம் வயசா இருந்தப்ப கிளம்பினது, எந்தப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுல வருது, 2.7 கெல்வின். ஒரு இடத்துல மட்டும் வெடிச்சிருந்தா ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மியா தான் வந்திருக்கும்.

எதுக்குள்ள விரியுதுன்னா, வெளிய ஒரு இடம் தேவையில்ல. கேலக்சிகளுக்கு நடுவுல இருக்கிற தூரம் கூடுது, சமன்பாட்டுல அவ்வளவு தான் இருக்கு. நம்ம உடம்பு, பூமி, சூரிய குடும்பம் இதெல்லாம் கட்டுப்பட்டு இருக்கிறதால விரியாது.

வயசு 1,380 கோடி வருஷம்னா, 4,600 கோடி ஒளியாண்டு தூரம் வரைக்கும் இருக்கிறது எப்படி தெரியுது? ஒளியை விட வேகமா போக முடியாதுன்னு முதல் கேள்வில சொன்னீங்களே?

ஒளி கிளம்பினப்புறம் அது தாண்டி வந்த இடம் அதுக்குப் பின்னாடி விரிஞ்சிட்டே இருந்துச்சு, அதனால கிளம்பின இடம் இப்ப 4,600 கோடி ஒளியாண்டு தள்ளிப் போயிடுச்சு. ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் செகண்டுக்கு சுமார் 70 கிலோமீட்டர் கூடுது. அப்படியே பெருக்கிட்டுப் போனா 1,400 கோடி ஒளியாண்டு தாண்டினதும் விலகுற வேகம் ஒளியை விடக் கூடிடும். முதல் பதில்ல சொன்னது ஒரு இடத்துல ஒரு பொருள் ஒளியை ஓடி முந்துறதைப் பத்தி. இங்க எதுவும் ஒளியை முந்தி ஓடல, நடுவுல இருக்கிற தூரம் வளருது. அந்த 70ங்கிற எண்ணே ஒரு முறைல அளந்தா 67, இன்னொரு முறைல 73ன்னு வருது, ஏன்னு இன்னும் சண்டை நடந்துட்டு இருக்கு.

டார்க் மேட்டர்ங்கிறது கணக்கு உதைக்குதுன்னு விஞ்ஞானிங்க சேத்துக்கிட்ட கட்டுக்கதை தானே?

டார்க் மேட்டர்னா, ஒளி எதுவும் விடாம, ஈர்ப்பால மட்டும் இருக்குன்னு தெரியுற பொருள். சந்தேகப்படுறது சரி தான், ஆனா பழைய கதை ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். யுரேனஸ் கணக்குப்படி ஓடலன்னு, வெளிய கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்குதுன்னு பிரான்ஸ்ல லெவெரியே சொன்னாரு, 1846ல அவர் சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள்ள நெப்டியூன் கிடைச்சுது. அதே லெவெரியே புதன் கோள் ஓட்டத்துலயும் பிசகு இருக்குன்னு, சூரியன் பக்கத்துல வல்கன்னு ஒரு கோள் இருக்கணும்னாரு. அது கிடைக்கவே இல்ல. நூறு வருஷத்துக்கு 43 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டா ஒரு பங்கு) இருந்த அந்தப் பிசகு ஐன்ஸ்டீனோட பொது சார்பியல்ல தானா வந்துடுச்சு, நியூட்டன் விதியையே மாத்த வேண்டியிருந்துச்சு.

டார்க் மேட்டர் நெப்டியூனா வல்கனாங்கிறது தான் இப்ப கேள்வி. கேலக்சி சுத்துற வேகம், ஒளி வளையுற அளவு, மேல சொன்ன மைக்ரோவேவ் ஒளில இருக்கிற சின்னச் சின்ன ஏத்த இறக்கம், மூணும் தனித்தனியா அளந்தும் சாதாரணப் பொருளை விட அஞ்சு மடங்குக்கு மேல ஏதோ இருக்குன்னு ஒரே பதில் வர்றதால நான் நெப்டியூன் பக்கம் தான் சாயுறேன். ஆனா துகள் ஒண்ணு கூட இதுவரைக்கும் கையில சிக்கல.

இதெல்லாம் நம்ம சித்தர்கள் அப்பவே சொல்லிட்டாங்களே, செர்ன்லயே நடராஜர் சிலை வச்சிருக்காங்களே?

அந்த சிலை 2 மீட்டர் உயரம், இந்தியாவுக்கும் செர்னுக்கும் இருக்கிற பல வருஷத் தொடர்புக்காக 2004ல இந்திய அரசு குடுத்த பரிசு. ஆராய்ச்சில அதுக்கு வேலை இல்ல. திருமந்திரத்துல அணுவை ஆயிரம் கூறு போடுறதைப் பத்தி வருது, அது இறைவனோட நுண்மையைச் சொல்ல வந்த பாட்டு, அந்த வேலையை அது அற்புதமா செய்யுது. அதை எலக்ட்ரான் கணக்கா ஆக்கினா பாட்டுக்கும் நல்லதில்ல, இயற்பியலுக்கும் நல்லதில்ல. அதுல இருந்து 2.2 மைக்ரோ செகண்டை எடுக்க முடியாது.

பெருமைப்பட நிஜமாவே நிறைய இருக்கு. திருச்சில பொறந்த சி.வி. ராமன், மேல சொன்ன சந்திரசேகர், ஊட்டி ஆய்வகம். 1965ல கோலார் தங்கச் சுரங்கத்துல 2 கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல, காஸ்மிக் கதிர்ல இருந்து உருவாகுற நியூட்ரினோவை (எதுலயும் அநேகமா மோதாம ஊடுருவிப் போற துகள்) உலகத்துலயே முதல்முதலா பதிவு பண்ணினவங்கள்ல நம்ம நாட்டு விஞ்ஞானிங்க உண்டு. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இறங்கி வேலை பாத்த சுரங்கம் அது. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

குவாண்டம் ஹீலிங்னு ஒரு கோர்ஸ்ல சேரலாம்னு இருக்கேன், நல்லதா?

வேண்டாம். கோடு வர்ற சோதனை இதுவரைக்கும் பண்ணினதுல பெரிய மூலக்கூறுகள்ல ஒண்ணு 2019ல வியன்னால, சுமார் 2,000 அணு உள்ளது. அதுக்கே காத்தில்லாத குழாய், அசையாத மேஜைன்னு அவ்வளவு பாடு. நம்ம உடம்பு 37 டிகிரி சூட்டுல, ஈரத்துல, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு இருக்கிற கோடான கோடி அணு. நினைச்சா நோய் போகும்ங்கிறதுக்கு குவாண்டம் எந்த ஆதாரமும் தரல. உடம்பு சரியில்லன்னா டாக்டரைப் பாருங்க, அங்க இருக்கிற எம்ஆர்ஐ மெஷின் நிஜமாவே குவாண்டம்ல தான் ஓடுது.

ஐன்ஸ்டீன் தப்புன்னு நான் ஒரு புது தியரி எழுதிருக்கேன், யார்கிட்ட காட்டுறது?

காட்டுறதுக்கு முன்னாடி, மேல வந்த நாலு எண்ணை உங்க தியரில இருந்து எடுத்துப் பாருங்க. புதன் கோளோட 43 ஆர்க்செகண்ட், ஜிபிஎஸ்ஸோட 38 மைக்ரோ செகண்ட், 15 கிலோமீட்டர் மேல இருந்து தரைக்கு வர்ற மியூவான் அளவு, பெல் விளையாட்டுல 75க்கும் 85க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். வார்த்தைல விளக்கம் வேண்டாம், எண்ணா வரணும். வந்துச்சுன்னா உங்க ஊர் காலேஜ்ல ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்கிட்ட அந்த ஒரு பக்கத்தை மட்டும் குடுங்க, எண் இருந்தா படிப்பாங்க.

வரலைன்னா எங்க உதைக்குதுன்னு தேடுங்க. ஐன்ஸ்டீன் 1905ல சொன்ன சிறப்பு சார்பியலுக்கு பத்தாம் கிளாஸ் பிதாகரஸ் தேற்றமே போதும்: ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ஒளி, கண்ணாடி பக்கவாட்டுல நகர்ந்தா சாய்வா போகும், சாய்வுன்னா நீளம் கூட, ஒளி வேகம் மாறாது, அப்போ நேரம் கூடணும். ஒரு பேப்பர்ல முக்கோணம் வரைஞ்சு, வேகத்துக்கு 99.5%னு போட்டுப் பாருங்க, மியூவானுக்குச் சொன்ன பத்து மடங்கு உங்க கையாலயே வரும்.